மன்னித்துவிட்டால் நியாயம் கேட்கக் கூடாதா?

பால்மரத்தடி (சுங்கை சிப்புட், மலேசியா) | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேதபாட வகுப்பு நடக்கும். பன்னிரண்டு பேர் வந்தால் அதிகம். எல்லாம் ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறி தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்துவிட்ட குடும்பங்கள். இன்று நான்தான் பாடம் எடுத்தேன். மலைப்பிரசங்கம், மத்தேயு 5-ஆம் அதிகாரம். பகைவரை நேசிப்பது, மறு கன்னத்தைக் காட்டுவது.

பாதியில் ஒரு பையன் கையைத் தூக்கினான். எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு ராணுவத்தில் சேர மனு போட்டிருக்கிறான். "அங்கிள், நான் துப்பாக்கியைத் தூக்கினால் ஆண்டவர் ஏற்றுக்கொள்வாரா, மாட்டாரா?" என்று நேராகவே கேட்டான். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி பேச ஆரம்பித்தார். 84 வயது. வகுப்பில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"மன்னிப்பு மன்னிப்புன்னு சொல்றீங்களே தம்பி. எங்க அப்பாவை சயாமுக்கு ஏத்தி அனுப்பினாங்க. எனக்கு அப்ப மூணு வயசு. இத்தனை வருஷத்துல யாராவது வந்து என்கிட்ட மன்னிப்பு கேட்டாங்களா? கேட்காதவனுக்கு நான் எதைக் கொடுக்கிறது?"

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை போட ஆள் பிடித்ததைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மற்றவர்களை மன்னிக்காவிட்டால் நமக்கும் மன்னிப்பு இல்லை என்று மத்தேயு 6-இல் இருப்பதைச் சொன்னேன். சொன்ன உடனேயே தவறு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. பாட்டி எதுவும் பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு, முடிவு ஜெபத்துக்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டார்.

இரண்டு கேள்விகளும் தூங்கவிடவில்லை. பையனுக்கு என்ன சொல்வது? பாட்டிக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்?

மறுகன்னம் (கூலிம்) | ஞாயிறு, இரவு 10.25

ஸ்தோத்திரம் பிரதர். பையனுடைய கேள்விக்கு நான் எழுதுகிறேன். என் பதில் நேரானது: தூக்கக் கூடாது.

இயேசுவைப் பிடிக்க வந்தவர்கள்மேல் கெத்செமனேயில் அவருடைய சீஷன் பேதுரு பட்டயத்தை உருவியபோது ஆண்டவர் அதை உறையில் போடச் சொன்னார். பேதுருவின் ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்னதிலேயே எல்லாப் போர்வீரர்களின் ஆயுதத்தையும் அவர் கழற்றிவிட்டார் என்று கார்த்தேஜைச் சேர்ந்த ஆதிச் சபை எழுத்தாளர் தெர்துல்லியன் எழுதினார். கி.பி. 295-இல், இன்றைய அல்ஜீரியாவில், மாக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞனைப் படையில் சேர்க்கக் கொண்டுவந்தார்கள். அப்பா பழைய படைவீரர். நான் கிறிஸ்தவன், போர்வீரனாக முடியாது என்று மட்டும் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். தலையை வெட்டினார்கள். உங்கள் வகுப்புப் பையனுக்கும் ஏறத்தாழ அதே வயது.

313-இல் கான்ஸ்டன்டைன் காலத்தில் திருச்சபைக்கு அரசின் பாதுகாப்பு கிடைத்தது. அதற்குப் பிறகுதான் சிலுவையும் வாளும் ஒரே கொடியில் வந்தன என்பது என் உறுதியான எண்ணம். 1095-இல் சிலுவைப் போருக்கு அழைத்ததே ஒரு போப்தான்.

அந்தப் பழைய வழியைச் சிலர் விடவில்லை. 1569-இல் நெதர்லாந்தில் டிர்க் வில்லம்ஸ் என்ற அனபாப்டிஸ்ட் (பெரியவர்களான பிறகே ஞானஸ்நானம் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்) சிறையிலிருந்து தப்பி உறைந்துபோன நீர்மேல் ஓடினார். துரத்தி வந்த காவலாளியின் காலடியில் பனிக்கட்டி உடைந்தது. டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிக் காப்பாற்றினார். அதனாலேயே பிடிபட்டு, உயிரோடு எரிக்கப்பட்டார். இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து மலைப்பிரசங்கத்தை வேறு விதமாகப் படிக்க எனக்கு முடியவில்லை.

கிந்தாக்காரன் (ஈப்போ) | திங்கள், காலை 7.05

மறுகன்னம் தம்பி சொன்ன சாட்சிகள் உண்மை. ஆனால் படம் அவ்வளவுதானா? 170-களிலேயே ரோமப் படையில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று போர்ச்சேவகர்கள் திருமுழுக்கு யோவானிடம் கேட்டபோது, வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், உங்கள் சம்பளம் போதும் என்றிருங்கள் என்றார். லூக்கா 3-இல் இருக்கிறது.

நான் கத்தோலிக்கன். எங்களுக்குப் புனித அகுஸ்தீன் பெரிய ஆசிரியர். அவருடைய சிந்தனை இப்படிப் போகும்: என்னை ஒருவன் அடித்தால் நான் தாங்கிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையை அடித்தால், நான் தாங்கிக்கொண்டேன் என்று சொல்ல முடியுமா? அங்கே தடுப்பதும் அன்புதான். நியாயமான போரைக்கூட நல்லவன் அழுதுகொண்டே செய்வான் என்றும் அவர் சொன்னார். 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அக்குவினாஸ் நியாயமான போருக்கு மூன்று நிபந்தனைகள் வைத்தார்: உரிய அதிகாரம் அறிவிக்க வேண்டும், காரணம் நியாயமாக இருக்க வேண்டும், மனத்தில் பழியோ பேராசையோ இருக்கக் கூடாது.

இதைப் பலர் போருக்கு லைசென்ஸ் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது பூட்டு. இந்த அளவுகோலை நம்புகிறவன் "இந்தப் போருக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லவும் தயாராக இருக்க வேண்டும். ஃபிரான்ஸ் யாகர்ஸ்டாட்டர் என்ற ஆஸ்திரிய விவசாயி ஹிட்லரின் படையில் சண்டை போட மறுத்தார். அவருடைய ஆயரே போகச் சொன்னார். வீட்டில் மூன்று சின்னப் பெண்பிள்ளைகள். 1943 ஆகஸ்ட் 9 அன்று தலையை வெட்டினார்கள். 2007-இல் திருச்சபை அவரை அருளாளராக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) உயர்த்தியது. பாட்டியின் அப்பா சயாமுக்குப் போன காலமும் அதுதான், இல்லையா?

இப்போது எங்கள் திருச்சபையே மாறிக்கொண்டு வருகிறது. 1963-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் உலக அமைதி பற்றிச் சுற்றுமடல் எழுதினார். 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ், இன்றைய ஆயுதங்களை வைத்துக்கொண்டு நியாயமான போர் என்று பேசுவது மிகவும் கடினம் என்றே எழுதிவிட்டார். ஆகவே தம்பி, நாம் நினைப்பதைவிட ஒருவருக்கொருவர் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

பையனிடம் நான் சொல்வது: சேரலாம். ஆனால் எந்த உத்தரவுக்குத் தலையாட்ட மாட்டாய் என்பதை இப்போதே தெரிந்துகொண்டு சேர். நம் நாட்டு வீரர்கள் 2007-லிருந்து ஐ.நா. படையில் லெபனான் போய் வருகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்பதும் பட்டாளத்து வேலைதான்.

ஆற்றோரம் (சுங்கை சிப்புட்) | திங்கள், மதியம் 1.15

நான் கிறிஸ்தவன் இல்லை. நம் ஊர் விஷயம் என்பதால் உள்ளே வருகிறேன், அண்ணன்மார்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் சுங்கை சிப்புட்டுக்கு உலக வரைபடத்தில் இடம் கிடைத்ததே துப்பாக்கிச் சத்தத்தால்தான். 1948 ஜூன் 16 காலை, இங்கே தோட்டத்து வெள்ளைக்காரர்கள் மூன்று பேரைச் சுட்டார்கள். உடனே பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவித்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் இரண்டு பக்கமும் தன் பக்கம்தான் நியாயம் என்றது. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதம் இல்லாத 24 பேரை பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள், கையில் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்கு. என் தாத்தா அந்தத் தேதியில் வருடா வருடம் ஒருவேளை சாப்பிட மாட்டார். காரணத்தை எனக்குச் சொன்னது அவர் போன பிறகு பாட்டிதான்.

பத்தாங் காலிக் குடும்பங்கள் பொது விசாரணை கேட்டு லண்டன் வரை போனார்கள். 2015-இல் அங்கே உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர்கள் யாரையும் தூக்கில் போடச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். உங்கள் பாட்டி கேட்பதும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

வள்ளுவரிடமும் இதே முடிச்சு உண்டு. தீங்கு செய்தவன் வெட்கப்படும்படி அவனுக்கு நன்மை செய்துவிடு என்கிறார், அது அறத்துப்பால். பொருட்பாலில் செங்கோன்மைக்கு வந்ததும், கொடிய கொலைகாரர்களை அரசன் தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பதைப் போன்றது என்கிறார். தனி மனிதனுக்கு ஒன்று, அரசனுக்கு ஒன்று. பைபிளில் இப்படிப் பிரித்திருக்கிறார்களா? தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

கிந்தாக்காரன் | திங்கள், மதியம் 1.50

ஆற்றோரம் தம்பி, அருமையான கேள்வி. ரோமர் 12-ஆம் அதிகாரம் பழிவாங்காதே, பகைவன் பசித்திருந்தால் சோறு போடு என்று முடியும். அடுத்த அதிகாரத்திலேயே அதிகாரிகள் வாளை வீணாகப் பிடிக்கவில்லை என்று வரும். பவுல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். வள்ளுவர் பால் பிரித்த மாதிரியேதான்.

மறுகன்னம் | திங்கள், மதியம் 2.30

ஆனால் அந்த வாளைப் பிடிப்பது கிறிஸ்தவனுடைய கையா என்று பவுல் சொல்லவில்லையே. 1527-இல் ஷ்லைத்தைமில் அனபாப்டிஸ்டுகள் எழுதிய அறிக்கை இதைத்தான் சொன்னது: வாள் உலகத்துக்காக ஆண்டவர் வைத்தது, கிறிஸ்துவின் முழுமைக்கு வெளியே இருப்பது.

மல்லிகைப்பந்தல் (தைப்பிங்) | திங்கள், இரவு 8.45

அண்ணன்மார்கள் எல்லோரும் பையனுக்குப் பதில் எழுதிவிட்டீர்கள். பாட்டி இன்னும் வாசலில் நிற்கிறார்.

நான் என் கதையிலிருந்து சொல்கிறேன். கல்யாணமாகி ஆறு வருடம் அடி வாங்கினேன். நான் அப்போது போய்க்கொண்டிருந்த சபையில் ஒவ்வொரு தடவையும் என்னையும் அவரையும் உட்கார வைத்து ஜெபித்து, "மன்னித்துவிடு சிஸ்டர், எழுபது தரம் ஏழு" என்று அனுப்புவார்கள். அவரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயில் ஒட்டிய பிளாஸ்டராக ஆனது. கடைசியில் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தபோது, ஜெபத்துக்கு விரோதமாக நடந்தேன் என்றார்கள்.

எழுபது தரம் ஏழு வருகிற அதே மத்தேயு 18-இல் கொஞ்சம் மேலே படியுங்கள். உன் சகோதரன் குற்றம் செய்தால் அவனிடம் போய்ச் சொல், கேட்காவிட்டால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அப்புறமும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். முதலில் குற்றத்தைப் பெயர் சொல்லி எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பகுதியை எனக்கு யாருமே பிரசங்கம் பண்ணவில்லை. காயத்தை மேலோட்டமாகக் கட்டிவிட்டு, சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்கிறார்களே என்று எரேமியா கோபப்பட்டது இதற்காகத்தான்.

மன்னித்த பெரியவர்களைப் பாருங்கள். ஒரிசாவில் 1999 ஜனவரியில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெய்ன்ஸையும் 10 வயது, 6 வயது மகன்களையும் வண்டியோடு எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் அம்மா மன்னித்தார். வழக்கும் நடந்தது, ஆயுள் தண்டனையும் வந்தது. அவர் அங்கேயே இருந்து குஷ்டரோகிகளைப் பார்த்துக்கொண்டார். தென்னாப்பிரிக்காவில் டூட்டு பேராயர் தலைமையில், நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரிக்க உண்மை ஆணையம் 1996-இல் உட்கார்ந்தபோது, செய்ததை முழுவதும் சொன்னவனுக்குத்தான் பொது மன்னிப்பு. அதையும், போலீஸ் காவலில் செத்துப்போன போராளி ஸ்டீவ் பீகோவின் குடும்பம் எதிர்த்து நீதிமன்றம் போனது. போனதற்காக அவர்களை மன்னிக்கத் தெரியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

பால்மரத்தடி அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பாட்டி "சயாமுக்கு ஏத்தி அனுப்பினாங்க" என்றுதானே சொன்னார்? ஜப்பான்காரன் என்று சொன்னாரா? யார் அனுப்பினது என்று நீங்கள் கேட்டீர்களா?

பால்மரத்தடி | செவ்வாய், இரவு 11.50

மல்லிகைப்பந்தல் தங்கச்சி, நீங்கள் கேட்ட கேள்விக்காக இன்று மாலை என் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

முதல் பதிவில் நான் எழுதாத ஒன்று இருக்கிறது. அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. பாட்டி அப்படிச் சொன்னபோது என் முகத்தையே பார்த்தார். அதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

என் அம்மாவின் அப்பா அந்தத் தோட்டத்தில் கிராணி (கணக்கர்). ஜப்பான்காரன் காலத்தில் இத்தனை ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, தாத்தாவின் கையில்தான் இருந்தது. பெயர்களை எழுதிக் கொடுத்தது தாத்தா. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அந்தப் பெயர்களை வாசித்து லாரியில் ஏற்றினார்கள். எழுதாவிட்டால் அவரையே ஏற்றியிருப்பார்கள் என்று அம்மா சொல்கிறார். உண்மையாக இருக்கலாம். ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவர் பெயரும் அதில் இல்லையாம். அதை அம்மா சொன்னபோது குரல் இறங்கிவிட்டது.

சண்டை முடிந்த பிறகும் தாத்தா கிராணியாகவே இருந்தார். கிராணி வீடு, பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி. நான் ஆசிரியரானது அந்தப் படியில் ஏறித்தான். பாட்டியின் அம்மா மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டினார். பாட்டியும் பன்னிரண்டு வயதில் பால் வாளி தூக்கினார். இத்தனை வருடமாக இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் எடுத்திருக்கிறோம்.

அந்தப் பாட்டிக்கு மன்னிப்பைப் பற்றிப் பாடம் எடுத்தது நான்.

என்ன செய்யட்டும்?

கிந்தாக்காரன் | புதன், காலை 6.20

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்துவிட்டு எழுதுகிறேன்.

சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்த ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டி, பெரும்பாலும் பெயரும் வயதும் பொறித்து இருக்கின்றன. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். செத்துப்போன ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. பல்லாயிரம் பேர், அதில் நம் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. 1967-இல் ஜப்பானும் மலேசியாவும் ஒப்பந்தம் போட்டு, 2.5 கோடி மலேசிய வெள்ளி மதிப்பில் கப்பல்களாகக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். அந்தக் கணக்கில் பாட்டியின் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை.

எங்கள் ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) ஒரு விதி உண்டு. திருடியவன் பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். லூக்கா நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, யாரும் சொல்லாமலே அதைச் செய்தான். யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்கு கொடுக்கிறேன் என்றான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகுதான்.

இன்னொருவரையும் சொல்கிறேன். லெனார்டு வில்சன், சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் ஆயர். மலாயாவும் அவர் மறைமாவட்டத்தில்தான் இருந்தது. 1943 அக்டோபரில் கெம்பித்தாய், அதாவது ஜப்பானிய ராணுவப் போலீஸ், பிடித்துக்கொண்டுபோய் நாள்கணக்கில் அடித்தார்கள். அடிக்கிறவர்கள் ஒரு காலத்தில் அண்ணன் தங்கையோடு விளையாடிய குழந்தைகளாக இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்ததாகப் பின்னாளில் பிரசங்கத்தில் சொன்னார். விடுதலைக்குப் பிறகு, தன்னை வதைத்தவர்களில் ஒருவருக்கு அவரே திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராக்கும் சடங்கு) கொடுத்தார். அது ஒரு பக்கம். அந்தக் கைதுகளுக்காக 1946-இல் கெம்பித்தாய் ஆட்கள் 21 பேர் மீது சிங்கப்பூரில் விசாரணை நடந்தது, 8 பேருக்கு மரண தண்டனை. மன்னிப்பு வந்ததால் விசாரணை நிற்கவில்லை, விசாரணை நடந்ததால் மன்னிப்பும் பொய்யாகவில்லை. மரண தண்டனை எனக்குச் சம்மதம் இல்லை, அது வேறு பேச்சு.

நீங்கள் பாட்டியிடம் போங்கள்.

மல்லிகைப்பந்தல் | புதன், காலை 9.10

போங்கள் அண்ணா. ஆனால் மன்னிப்பை வாங்கிக்கொண்டு வருவதற்காகப் போகாதீர்கள். பழக்கூடை, சபைப் பெரியவர், போட்டோ எதுவும் வேண்டாம். தாத்தாவுக்கு வேறு வழி இருந்ததா என்று வாதம் பண்ணாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். பாட்டி கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தினால், அதற்கும் அவருக்கு உரிமை உண்டு.

மறுகன்னம் | புதன், இரவு 10.00

பிரதர், நான் துப்பாக்கியைப் பற்றி நிறைய எழுதினேன். உங்கள் தாத்தா துப்பாக்கியையே தொடவில்லை. ஒரு பென்சில், ஒரு செக்ரோல். அதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கையில் ஆயுதம் இல்லாவிட்டால் போதும் என்ற மாதிரி நான் பேசிவிட்டேன். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

ஆற்றோரம் | வியாழன், மாலை 4.40

அண்ணா, வேண்டுமானால் வண்டியில் நான் கொண்டுபோய் விடுகிறேன். வெளியே நிற்கிறேன்.

பால்மரத்தடி | சனி, இரவு 10.30

இன்று மாலை போனேன். ஆற்றோரம் தம்பிதான் கொண்டுபோய் விட்டார், அவருக்கு நன்றி.

பாட்டி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் தாத்தாவின் பெயரைச் சொல்லி, "பட்டியல் எழுதினது அவர்தான் பாட்டி. எனக்கு இந்த வாரம்தான் முழுசாகத் தெரியும். அதனால் எங்கள் குடும்பம் நன்றாக இருந்தது. அன்றைக்கு வகுப்பில் நான் பேசினது தப்பு" என்றேன். வழியெல்லாம் நினைத்து வைத்த மற்றது எதுவும் வரவில்லை.

கீரையை நிறுத்தவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "எங்க அம்மா செத்துப்போற வரைக்கும் உங்க தாத்தா வீட்டுப் பக்கம் நடக்க மாட்டாங்க. சுத்திக்கிட்டுப் போவாங்க" என்றார். இன்னும் நிறையச் சொன்னார். அவற்றை இங்கே எழுத மாட்டேன், அவை அவருடையவை.

கிளம்பும்போது நான் வாயைத் திறந்தேன். "மன்னிப்பைப் பத்தி இன்னைக்குப் பேசாதே. டீயைக் குடி" என்றார். குடித்தேன். அப்புறம் அவரே கேட்டார்: "அந்தப் பட்டியல்ல எத்தனை பேரு இருந்தாங்க?" எனக்குத் தெரியவில்லை. செக்ரோலும் இப்போது யாரிடமும் இல்லை. "எங்க அம்மா சொன்ன பேரெல்லாம் எனக்குத் தெரியும், எழுதிக்க" என்றார். எழுதினேன். 11 பெயர். இந்துக்கள் எட்டுப் பேர், கிறிஸ்தவர்கள் மூன்று பேர். திரும்பி வந்தவர் ஒருவர் மட்டும். நவம்பரில் சபையில் மரித்தவர்களை நினைக்கும் ஞாயிறன்று 11 பேரையும் வாசிக்க வேண்டும் என்றார். யார் வாசிப்பது என்று கேட்டேன். "நீதான். எழுதினவன் வீட்டு ஆள்தான் வாசிக்கணும்" என்றார்.

ராணுவத்துக்கு மனு போட்ட பையனைச் சந்தித்து, நீங்கள் எல்லோரும் எழுதியதைக் கொடுத்தேன். யாகர்ஸ்டாட்டரைப் பற்றி மேலும் படிக்கக் கேட்டான். இன்னும் முடிவு செய்யவில்லை.

கடைசியாக ஓர் உதவி. 11 பேரில் இரண்டு பேருடைய அப்பா பெயர் பாட்டிக்கு நினைவில்லை. ஒருவர் தப்புப் பறை அடிப்பவர், மற்றவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸருக்கு (மருந்து கட்டுபவருக்கு) உதவியாக இருந்தவர். 1943-க்கு முன்னால் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த குடும்பங்கள் யாராவது இங்கே இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். தோட்டத்தின் பெயரை அங்கே சொல்கிறேன்.